கைப்பேசியில் சுடும் துப்பாக்கியும் கையில் சுட்ட துப்பாக்கியும்

'பப்ஜி' என்னும் ஆட்டத்தைப் பற்றி உங்களுக்கு அறிமுகம் தேவையிராது. நீங்கள் ஆடாவிட்டாலும் உங்கள் தம்பியோ பக்கத்து வீட்டுப் பையனோ ஆடியிருப்பான். 2017ஆம் ஆண்டு கணினியிலும், அடுத்த ஆண்டு கைப்பேசியிலும் வெளிவந்த இந்தத் தென்கொரிய ஆட்டத்தை 2020 செப்டம்பரில் நம் அரசு தடை செய்தது. மறு ஆண்டே அது வேறு பெயரில் திரும்பி வந்தது. நூறு பேர் ஒரு தீவில் வெறுங்கையோடு குதித்து, கிடைத்த ஆயுதத்தை எடுத்துக்கொண்டு, கடைசி ஆள் மிஞ்சும் வரை சண்டையிடுவதே ஆட்டம்.

அதில் பையன்கள் மிக விரும்பித் தேடும் ஆயுதங்களுள் ஒன்று 'கார் 98 கே'. மரக்கட்டை பொருத்திய, பழைய தோற்றமுடைய நீண்ட துப்பாக்கி. ஒரு முறைக்கு ஒரு குண்டுதான் சுடும். தலையில் பட்டால் எதிரி அனேகமாக வீழ்ந்தான். வகுப்பில் 'எறிபொருளின் இயக்கம்' நடத்தும்போது முன்பெல்லாம் கிரிக்கெட் பந்தை உதாரணம் சொல்வேன். இப்போது இதைச் சொன்னால் பின்வரிசையும் நிமிர்ந்து உட்காருகிறது. "சார், அது உண்மையிலேயே அப்படித்தான் சுடுமா?" என்பது அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. நல்ல கேள்வி. பௌதிகம் படித்தவர்கள் விடை காணக்கூடிய கேள்வியும்கூட.

முதலில் உண்மைத் துப்பாக்கியைப் பார்ப்போம். ஜெர்மனியில் ஓபெர்ன்டார்ஃப் என்னும் ஊரில் மௌசர் நிறுவனம் 1898இல் ஒரு நீண்ட துப்பாக்கியை உருவாக்கியது. முதல் உலகப் போரில் ஜெர்மன் சிப்பாய்கள் ஏந்தியது அதுதான். அதன் குழலைச் சுருக்கி, சில திருத்தங்கள் செய்து 1935இல் ஜெர்மன் படை ஏற்றுக்கொண்ட வடிவமே 'கார் 98 கே'. 'காராபினர்' என்பது குறுந்துப்பாக்கியைக் குறிக்கும் சொல். 'கே' என்பது 'குர்ட்ஸ்', அதாவது குட்டை என்ற சொல்லின் முதலெழுத்து. குட்டை என்கிறார்களே தவிர, நீளம் 111 சென்டிமீட்டர். நான்காம் வகுப்புப் பிள்ளையின் மார்புக்கு மேல் வரும். எடை ஏறத்தாழ 4 கிலோகிராம். 1945இல் போர் முடியும்வரை ஒரு கோடியே நாற்பது லட்சத்துக்கு மேல் செய்து குவித்தார்கள்.

அதன் உயிர்நாடி 'போல்ட்' எனப்படும் உருண்டைத் தாழ். பழைய வீட்டுக் கதவின் இரும்புத் தாழ்ப்பாளை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியைத் தூக்கி, பின்னுக்கு இழுத்தால் காலி உறை வெளியே தெறிக்கும். முன்னுக்குத் தள்ளி, கைப்பிடியைக் கீழே மடித்தால் அடுத்த தோட்டா குழலுக்குள் பூட்டப்படும். வெடிக்கும் கணத்தில் குழலுக்குள் அழுத்தம் 3,000 வளிமண்டல அழுத்தத்தையும் தாண்டும். தோட்டாவின் அடிப்பாகம் ஒரு சதுர சென்டிமீட்டர் அளவே என்றாலும், அதன்மேல் விழும் விசை மூன்று டன் எடைக்கு மேல்! அதைச் சுடுபவரின் கன்னத்திலிருந்து சில அங்குலத் தொலைவில் தாங்கி நிற்பது தாழின் முன்முனையிலுள்ள இரண்டு இரும்புப் புடைப்புகள். அவை தவறினால் காப்பாற்றுவதற்கென்று பின்னால் மூன்றாவது புடைப்பு ஒன்றையும் மௌசர் வைத்திருந்தார். ஆட்டத்தில் இந்தத் தூக்கு, இழு, தள்ளு, மடக்கு என்ற நான்கு அசைவுகளையும் அழகாகக் காட்டியிருக்கிறார்கள். இந்த இடத்தில் ஆட்டக்காரர்களுக்குப் பாராட்டு.

வேகத்திலும் குறை சொல்வதற்கில்லை. உண்மைத் துப்பாக்கியின் குண்டு குழலை விட்டு வெளிவரும் வேகம் வினாடிக்கு 760 மீட்டர். ஆட்டத்தை ஆராய்ந்தவர்கள் தொகுத்த அட்டவணைகளிலும் இதே 760தான். இந்த வேகத்தை 60 சென்டிமீட்டர் குழலுக்குள் குண்டு அடைகிறது. வேகத்தின் வர்க்கத்தைக் கடந்த தூரத்தின் இருமடங்கால் வகுங்கள். சராசரி முடுக்கம் கிடைக்கும். அது புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் ஏறத்தாழ 50,000 மடங்கு! அத்தோடு, குழலின் உட்சுவரில் திருகு போல் வெட்டியிருக்கும் நான்கு வரிப்பள்ளங்கள், 24 சென்டிமீட்டருக்கு ஒரு சுற்று வீதம் குண்டைச் சுழற்றிவிடுகின்றன. வெளிவரும்போது குண்டு வினாடிக்கு 3,100க்கும் மேற்பட்ட சுற்றுகள் சுழல்கிறது. பம்பரம் சுழலும்வரை சாயாமல் நிற்பது போல, இந்தச் சுழற்சியால்தான் குண்டு தலைகுப்புறப் புரளாமல் மூக்கை முன்வைத்துப் பறக்கிறது.

இத்தனையும் செய்வது மூன்று கிராம் வெடிமருந்து. மூன்று கிராம் சர்க்கரையை எரித்தால் இதைவிடப் பல மடங்கு வெப்பம் கிடைக்கும் என்று சொன்னால் நம்புவீர்களா? உண்மைதான். சர்க்கரை நம் உடலில் மணிக்கணக்காக எரிகிறது. வெடிமருந்தோ ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஓரிரு பங்கில் எரிந்து முடிகிறது. ஆற்றலின் அளவு வேறு, அது வெளிப்படும் வேகம் வேறு.

குண்டு நேர்க்கோட்டில் போகிறதா?

போவதில்லை. குழலை விட்ட கணமே, கையிலிருந்து நழுவிய கல்லைப் போல அதுவும் விழத் தொடங்குகிறது. 300 மீட்டர் தொலைவிலுள்ள இலக்கை எடுத்துக்கொள்வோம். காற்றே இல்லையென்றால் குண்டு அங்கே சேர 0.395 வினாடி ஆகும். அதற்குள் அது விழும் தூரம், நம் பழைய சூத்திரப்படி, 76 சென்டிமீட்டர். காற்றின் தடையால் வேகம் குறைந்துகொண்டே வருவதால் உண்மையில் ஏறத்தாழ 0.44 வினாடி ஆகிறது. விழும் தூரமும் ஒரு மீட்டரை நெருங்குகிறது. நெஞ்சுக்குக் குறிவைத்தால் முழங்காலுக்கு அருகில் போகும். இதைச் சரிக்கட்டத்தான் துப்பாக்கியின் மேல் ஏற்றி இறக்கும் குறிகாட்டி ஒன்று உண்டு. 100 மீட்டரிலிருந்து 2,000 மீட்டர் வரை அதில் கோடுகள் போட்டிருக்கும். இரண்டாயிரம் மீட்டரில் தனி மனிதனைக் குறிபார்த்து அடிப்பது வெறும் கண்ணால் ஆகாத காரியம். அந்தக் கோடு எழுதிவைத்த ஆசையே அன்றி வேறில்லை என்பது என் எண்ணம்.

ஆட்டத்திலும் குண்டு வளைந்து விழுகிறது. தூரத்துக்கேற்பக் குறியை மாற்றிக்கொள்ளும் வசதியும் உண்டு. ஆனால் அந்தத் தீவில் காற்று வீசுவதில்லை! புல் அசைகிறது, மரம் ஆடுகிறது, குண்டு மட்டும் விலகுவதில்லை. உண்மையில் பக்கவாட்டுக் காற்று குண்டை எவ்வளவு தள்ளும் என்பதற்கு ஓர் எளிய விதி உண்டு. காற்றின் தடையால் குண்டுக்கு எவ்வளவு நேரம் தாமதமாகிறதோ, அதைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் போதும். நம் கணக்கில் தாமதம் 0.045 வினாடி. வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் மிதமான காற்று வீசினால் விலகல் 22 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாண். தலைக்குக் குறிவைத்தவனின் குண்டு காதோரம் விர்ரென்று போய்விடும். குறி தப்பிய சிப்பாய்களில் எத்தனையோ பேர் தம் கையை நொந்துகொண்டிருப்பார்கள், பழி காற்றுடையது.

ஒலியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்

காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர். குண்டு அதைவிட இரு மடங்குக்கு மேல் வேகமாகப் போகிறது. ஆகவே, தன் ஓசையைத் தானே முந்திக்கொண்டு ஓடுகிறது. ஏரியில் விரையும் படகின் இருபுறமும் நீரில் 'வி' வடிவ அலை விரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலவே குண்டின் மூக்கிலிருந்து காற்றில் ஒரு கூம்பு வடிவ அதிர்ச்சி அலை விரிகிறது. கூம்பின் அரைக்கோணத்தை நீங்களே கணக்கிடலாம். அதன் சைன் மதிப்பு 340/760. கோணம் ஏறத்தாழ 27 பாகை. இந்தக் கூம்பு காதைக் கடக்கும்போது சாட்டையைச் சொடுக்கினாற்போல் 'படீர்' என்று கேட்கும். சாட்டை நுனியின் ஓசையும் இதே காரணத்தால் எழுவதுதான்.

இப்போது 400 மீட்டர் தொலைவிலிருந்து ஒருவர் உங்கள் பக்கமாகச் சுடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். குண்டு 0.6 வினாடியில் உங்களைக் கடக்கிறது, 'படீர்' கேட்கிறது. துப்பாக்கி வெடித்த 'டும்' என்ற ஓசையோ 1.2 வினாடியில்தான் வந்து சேரும். இரண்டுக்கும் இடையே அரை வினாடிக்கும் சற்று அதிகமான இடைவெளி. இந்த இடைவெளியை எண்ணியே எதிரியின் தொலைவை மதிப்பிடப் போர்வீரர்கள் பழகியிருந்தனர். ஆட்டத்திலும் இவ்விரு ஓசைகளையும் பிரித்துத் தந்திருக்கிறார்கள். நல்ல ஆட்டக்காரர்கள் இதைக் கேட்டே திசையறிகிறார்கள்.

ஆனால் 'சைலன்ஸர்' விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். குழல் முனையில் பொருத்தும் அந்தக் கருவி, வெளிப்படும் வாயுவை அறைகளுக்குள் விரியவிட்டு 'டும்' ஓசையைத்தான் குறைக்க முடியும். குண்டு எழுப்பும் 'படீர்' அதற்குக் கட்டுப்படாது. குண்டு பறக்கும் வழியெல்லாம் அது பிறந்துகொண்டே இருக்கிறது. ஒலியை மிஞ்சும் வேகத்தில் சுடும் எந்தத் துப்பாக்கியையும் ஊமையாக்க இயலாது.

இன்னொன்று, கைப்பேசியால் ஒருபோதும் காட்ட முடியாதது. சுடுபவரின் காதருகே ஓசையின் உச்சம் 160 டெசிபெல் அளவுக்குப் போகும். டெசிபெல் என்பது கூட்டல் கணக்கன்று, பெருக்கல் கணக்கு. பத்துப் பத்தாக ஏறும் ஒவ்வொரு படிக்கும் ஒலிச்செறிவு பத்து மடங்காகும். உரத்த பேச்சு 70 என்றால் 160 என்பது அதைப்போல் நூறு கோடி மடங்கு. 140 டெசிபெலைத் தாண்டும் வெடியோசை ஒரே முறை கேட்டாலும் செவிக்குள்ளிருக்கும் நுண்மயிர் செல்கள் கெடலாம். கெட்டவை மீண்டும் முளைப்பதில்லை. காதுக்குக் காப்பில்லாமல் சுட்டு, வாழ்நாள் முழுவதும் காதில் ரீங்காரத்தோடு வீடு திரும்பிய சிப்பாய்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

தோளில் விழும் அடி

நம் பாடநூலில் துப்பாக்கியின் பின்னியக்கம் ஒரு கணக்காக வரும். குண்டின் நிறை 12.8 கிராம், வேகம் 760, உந்தம் 9.7 அலகு. துப்பாக்கியின் நிறை 4 கிலோ. ஆகவே பின்னேறும் வேகம் வினாடிக்கு 2.4 மீட்டர். மதிப்பெண் கிடைத்துவிடும், ஆனால் விடை குறைவு. வெடிமருந்து வாயுவாகிக் குண்டின் பின்னால் பீறிட்டு வெளியேறுகிறதல்லவா? அதன் நிறை 3 கிராமே ஆனாலும், வேகம் வினாடிக்கு 1,200 மீட்டர் அளவில் இருப்பதால் 3.6 அலகு உந்தத்தை அதுவும் எடுத்துச் செல்கிறது. இரண்டையும் கூட்டினால் 13.3. அப்படியானால் துப்பாக்கி பின்னேறும் வேகம் 3.3 மீட்டர். நான்கு கிலோ எடையுள்ள ஒரு பொருளை 55 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து உங்கள் தோள்மீது போட்டால் என்ன வேகத்தில் வந்து விழுமோ, அதே வேகம். அதன்மேல் ஓர் இரும்புத் தகடு வேறு. ஐந்து குண்டு சுட்டால் தோள் சிவக்கும். ஐம்பது சுட்டால் கன்றிப்போகும்.

குழல், தோளைவிடச் சற்று உயரத்தில் இருப்பதால் இந்த உதை ஒரு திருப்புவிசையையும் உண்டாக்குகிறது. குழல்முனை மேலே எம்புகிறது. ஆட்டத்தில் திரை துள்ளுவது இதைத்தான் காட்டுகிறது. கோணம் இருக்கிறது, அடி இல்லை.

இதையொட்டி ஒரு திரைப்படப் பொய்யையும் தீர்த்துவிடுவோம். குண்டடி பட்டவர் காற்றில் பறந்து பின்னால் போய் விழுவதாகக் காட்டுகிறார்களே, அது நடவாது. குண்டின் முழு உந்தமும் 70 கிலோ மனிதருக்குச் சென்றாலும் அவர் பெறும் வேகம் வினாடிக்கு 14 சென்டிமீட்டர்தான். பறக்க வேண்டுமென்றால் சுட்டவரும் அல்லவா பறக்க வேண்டும்!

அப்படியானால் குண்டு ஏன் கொல்கிறது? இங்கேதான் உந்தத்துக்கும் இயக்க ஆற்றலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பின்னுதைக்கும் துப்பாக்கியின் ஆற்றல் 22 ஜூல். குண்டின் ஆற்றலோ 3,700 ஜூல். 70 கிலோ மனிதரை இரண்டாம் மாடி உயரத்துக்குத் தூக்கக்கூடிய ஆற்றல் அது. இதே 3,700 ஜூலை ஒரு லிட்டர் நீரில் வெப்பமாகச் செலுத்தினால் ஒரு பாகைகூட ஏறாது என்பதும் உண்மை. ஆக, எண்ணை மட்டும் பார்த்துப் பயனில்லை. எங்கே, எத்தனை நேரத்தில் என்று பார்க்க வேண்டும். விரல் நுனியளவு இடத்தில், ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில், அந்த ஆற்றலின் ஒரு பகுதி தசைக்குள் இறங்குகிறது. தசை பெரும்பாலும் நீர். நீரை அமுக்க முடியாது. எனவே குண்டு போகும் வழியின் இருபுறமும் தசை வெளிநோக்கி வீசப்பட்டு, ஒரு கணம் பெரிய குழிவு தோன்றிச் சுருங்குகிறது. குண்டு தொடாத இரத்தக் குழாயும் கிழியலாம். எலும்பில் பட்டாலோ எலும்புச் சிதறல்களும் சிறு குண்டுகளாகின்றன.

ஆட்டத்தில் உங்கள் உயிர் 100 என்ற எண். மார்பில் ஒரு குண்டு பட்டால் எண் குறைகிறது. பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் சில வினாடிகளில் 75 வரை ஏறிவிடும், எழுந்து ஓடலாம். நம் அரசு மருத்துவமனையின் அறுவை மருத்துவர் யாரையேனும் கேட்டுப் பாருங்கள், ஒரு மார்புக் காயத்துக்கு எத்தனை மாதம் என்று. பிழைத்தால், என்று முதலில் சொல்வார்.

தலைக்கவசமும் தோசைக்கல்லும்

மூன்றாம் நிலைத் தலைக்கவசம் அணிந்திருந்தால் இந்தத் துப்பாக்கியின் ஒரு குண்டைத் தலையிலேயே தாங்கலாம் என்பது ஆட்டத்தின் விதி. இரண்டாம் உலகப் போரில் எந்த நாட்டின் இரும்புத் தலைக்கவசமும் அருகிலிருந்து சுட்ட ரைபிள் குண்டைத் தடுக்கவில்லை. தடுக்கவென்று செய்யப்பட்டவையும் அல்ல. எறிகுண்டுச் சிதறல்களுக்காகச் செய்தவை.

இடுப்புக்குப் பின்னால் தொங்கும் வாணலி எல்லாக் குண்டையும் தடுப்பது ஆட்டக்காரர்களுக்குத் தெரிந்த வேடிக்கை. அது வேடிக்கைக்காகவே வைத்தது, கோபிக்க வேண்டாம். ஆனால் வீட்டுத் தோசைக்கல்லைத் தூக்கிப் பார்த்துவிட்டு "இது தடுக்குமா சார்?" என்று கேட்ட மாணவர்கள் உண்டு. தடுக்காது. மெல்லிய இரும்பென்றால் துளைத்துக்கொண்டு போகும். வார்ப்பிரும்பென்றால் உடைந்து, அந்தத் துண்டுகளும் சேர்ந்து பாயும்.

தோட்டா விஷயத்தில்தான் ஆட்டம் பெரிதாகப் பிசகுகிறது. அதில் 'கார் 98 கே'க்கும் 'ஏ.கே.எம்.' என்னும் சோவியத் தானியங்கித் துப்பாக்கிக்கும் ஒரே '7.62' தோட்டாதான். உண்மையில் மௌசரின் தோட்டா 7.92 மில்லிமீட்டர் குண்டும் 57 மில்லிமீட்டர் நீள உறையும் கொண்டது. ஏ.கே.எம். தோட்டாவின் உறை 39 மில்லிமீட்டரே. அதன் குண்டு ஏறத்தாழ 8 கிராம். வேகம் வினாடிக்கு 715 மீட்டர். ஆற்றல் சுமார் 2,000 ஜூல், அதாவது மௌசரில் பாதியைவிடச் சற்று அதிகம். ஒன்றின் தோட்டா மற்றொன்றில் பூட்டவே பூட்டாது. இஸ்ரேல் நாட்டில் போருக்குப்பின் மிஞ்சிய மௌசர்களுக்குக் குழலை மாற்றி 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஆக்கியதுண்டு. ஆனால் அது 51 மில்லிமீட்டர் உறையுள்ள வேறு 7.62. எண் ஒன்றானதால் பொருள் ஒன்றாகிவிடாது. ஆட்டக்காரர் பையில் பத்து வகைத் தோட்டா சுமக்க வேண்டாம் என்பதற்காகச் செய்த சுருக்கம் என்று இதை விட்டுவிடலாம். எட்டு மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கியை இதில் மாட்ட விடுவதும் அதுபோன்ற தாராளமே. ஜெர்மன் குறிசுடுநர்களுக்குப் பரவலாகக் கிடைத்தது நான்கு மடங்கு. பலருக்கு ஒன்றரை மடங்குதான்.

ஆட்டத்தில் இந்தத் துப்பாக்கி ஆளில்லாத வீட்டின் தரையில் கிடக்கும். யார் செய்தது, யார் வைத்தது என்ற கேள்வியே எழாது. உண்மைத் துப்பாக்கி ஒவ்வொன்றிலும், குண்டு ஏறும் அறையின் மேற்புறத்தில் அதைச் செய்த தொழிற்சாலையின் குறியெழுத்தும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். 'பி.சி.டி.' என்ற மூன்றெழுத்துக் குறி, வைமார் நகரத்துக் குஸ்ட்லாஃப் தொழிற்சாலையுடையது. அந்த நிறுவனம் 1943இல் பூகன்வால்ட் வதைமுகாமை ஒட்டியே ஆயுதச் சாலை ஒன்றை நிறுவி, முகாம் கைதிகளைக் கொண்டு துப்பாக்கி செய்வித்தது. கூலி இல்லை; அரைவயிற்றுக் கஞ்சி. 1944 ஆகஸ்ட் 24 அன்று நேசநாட்டு விமானங்கள் அந்தச் சாலையைக் குண்டு வீசித் தகர்த்தபோது, உள்ளே வேலை செய்துகொண்டிருந்த கைதிகள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். அருங்காட்சியகங்களிலும் சேகரிப்பாளர்களிடமும் அந்த மூன்றெழுத்துத் துப்பாக்கிகள் இன்றும் இருக்கின்றன. எண்ணெய் போட்டுத் துடைத்தால், தாழ் இன்றும் வழுக்கிக்கொண்டு முன்னும் பின்னும் ஓடும்.